தெருவில் கிடக்கும் விறகு உண்மையிலேயே இலவசமா? மாட்டுங்கா, தாராவி, செம்பூர் சொல்லும் கணக்கு

ஜூன் மாதத்தின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? நடைபாதை முழுக்க முறிந்த கிளைகள் கிடக்கும். வாக்கிங் வருகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போவார்கள். மாநகராட்சி லாரி வருவதற்குள் சிலர் அந்தக் கிளைகளைக் காலால் மிதித்து ஒடித்து, கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

மரம் ஒரு வார்டில் நிற்கிறது, அடுப்பு இன்னொரு வார்டில் எரிகிறது. மாட்டுங்கா மும்பை மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டில் வருகிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாராவி ஜி வடக்கு வார்டில் வருகிறது. முன்னதில் தெருவுக்குத் தெரு தூங்குமூஞ்சி மரங்கள். பின்னதில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சந்துகள், அங்கே மரத்துக்கு இடமே இல்லை.

இதைப் பார்க்கும்போது பல கேள்விகள் வரும். சிலிண்டர் வீடு தேடி வரும் ஊரில் இன்னும் ஏன் விறகு? தெருவில் கிடக்கும் கிளையை எடுப்பது சட்டப்படி தப்பா? காசு கொடுக்காமல் கிடைப்பதால் அது லாபமா? பொங்கலுக்கோ மொட்டைமாடி பிரியாணிக்கோ நமக்கே நாலு கட்டை வேண்டும் என்றால் என்ன செய்வது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நகரத்தில் இன்னும் யார் விறகு எரிக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நகர்ப்புற வீடுகளில் சுமார் 20 சதவீதம் சமையலுக்கு முதன்மையாக விறகையே நம்பியிருந்தன. அதாவது ஐந்தில் ஒரு வீடு. அதன் பிறகு நிலைமை வேகமாக மாறியது. 2019-21 காலகட்டத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், எரிவாயு, மின்சாரம் போன்ற தூய எரிபொருளில் சமைக்கும் நகர்ப்புற வீடுகள் 89.7 சதவீதம். கிராமப்புறத்தில் இது 43.2 சதவீதம்தான்.

நகரத்தைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம். ஆனால் பத்தில் ஒரு வீடு இன்னும் வெளியே நிற்கிறது என்பதையும் இதே எண்தான் சொல்கிறது.

இந்தக் கணக்கெடுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. 'சமையலுக்கு முக்கியமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள்?' என்றுதான் கேட்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் பல வீடுகளில் இரண்டு அடுப்பு இருக்கும். சோறும் குழம்பும் கேஸில். குளிக்க வெந்நீர், பருப்பு வேகவைப்பது, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்றுவது எல்லாம் வாசலில் மூன்று கல் வைத்து விறகில். கணக்கெடுப்பில் அது 'கேஸ் வீடு' என்று பதிவாகும். புகை மட்டும் பதிவாகாது.

தாராவித் தமிழர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள். சுள்ளி பொறுக்குவது, காய்ந்த தென்னை மட்டையைச் சேர்த்து வைப்பது எல்லாம் அவர்களுக்கு ஊரில் பழகிய வேலை. ஆனால் இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது.

ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ விறகு ஈடு?

கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாம் பொதுவாகக் கவனிக்காத விஷயம் இதில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் வரும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 650 மெகாஜூல். கேஸ் அடுப்பில் சுமார் 60 சதவீத வெப்பம் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால், உருப்படியாகக் கிடைப்பது 390 மெகாஜூல்.

இப்போது விறகு. நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு சுமார் 15 மெகாஜூல். ஆனால் மூன்று கல் அடுப்பு வெப்பத்தை நாலாப் பக்கமும் சிதறவிடும். பாத்திரத்துக்குப் போவது 10 முதல் 15 சதவீதம்தான். 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ விறகில் உருப்படியாகக் கிடைப்பது 1.8 மெகாஜூல்.

390-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 217 கிலோ. ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய இரண்டு குவிண்டாலுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும்!

அதுவும் காய்ந்த விறகு. மழையில் முறிந்து விழுந்த பச்சைக் கிளையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும். அப்படிப்பட்ட விறகு என்றால் இதே கணக்கு 400 கிலோவைத் தாண்டும். ஆக, விறகு அதிகம் விழும் மாதங்களும், விழுந்த விறகு எரியாத மாதங்களும் மும்பையில் ஒன்றுதான்: ஜூன் முதல் செப்டம்பர் வரை.

சரி, இதைக் காசாக மாற்றுவோம். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு மும்பையில் வீட்டு சிலிண்டர் விலை ரூ.852.50 ஆனது. மும்பை பேக்கரிகள் மரக்கட்டைக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 ரூபாய் கொடுக்கின்றன. 10 ரூபாய் என்றே வைத்தாலும் 217 கிலோவுக்கு 2,170 ரூபாய். அதாவது, காசு கொடுத்து விறகு வாங்கி மூன்று கல் அடுப்பில் சமைப்பது, மானியம் இல்லாத கேஸை விட இரண்டரை மடங்கு செலவு.

இதனால்தான் ஏழைக் குடும்பம் விறகுக் கடைக்குப் போவதில்லை. சும்மா கிடைத்தால் மட்டுமே விறகு கட்டுப்படியாகும். ஆகவே மரத்தடிக்குப் போகிறார்கள்.

அப்படியென்றால் சும்மா கிடைப்பது லாபம்தானே?

நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் ஒரு மாதத்துக்கு வரும் வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு நாளைக்கு 7 கிலோ விறகு வேண்டும். ஒரு தலைச்சுமை 20 கிலோ என்றால் மாதம் 11 கட்டு. தேடி, ஒடித்து, கட்டி, தூக்கி வர ஒரு கட்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 22 மணி நேரம்.

மிச்சமான 852.50 ரூபாயை 22 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 39 ரூபாய். உஜ்வலா இணைப்பு இருந்து சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைக்கும் வீடாக இருந்தால், மணிக்கு வெறும் 25 ரூபாய். இதில் அடுப்பு ஊதும் நேரத்தையும், கரிபிடித்த பாத்திரம் தேய்க்கும் நேரத்தையும் சேர்க்கவில்லை.

எடுத்துக்கொண்ட அளவுகளை மாற்றினால் இந்த எண்ணும் கொஞ்சம் மாறும். மேம்படுத்தப்பட்ட புகை குறைந்த அடுப்பில் 25 சதவீத வெப்பம் பாத்திரத்துக்குப் போகும் என்றால் விறகுத் தேவை சுமார் 105 கிலோவாகக் குறையும். ஆனால் எந்தக் கணக்கிலும் வேலை செய்கிறவரின் நேரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. அந்த நேரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது என்பதால் யாரும் அதற்கு பில் போடுவதில்லை.

பிறகு ஏன் செய்கிறார்கள்? நாள் கூலியில் ஓடும் வீட்டில் ஒரே நாளில் 850 ரூபாய் எடுத்து வைப்பது எளிதல்ல. விறகுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குப் பொறுக்கினால் போதும். 2019-20-ல் உஜ்வலா பயனாளிகள் ஒரு வருடத்துக்கு சராசரியாக 3 சிலிண்டர்தான் மாற்றினார்கள். 2024-25-ல் அது சுமார் 4.5 ஆக உயர்ந்தது. உயர்வு நல்ல விஷயம்தான். ஆனால் மாதம் ஒன்று என்ற அளவுக்கு அது இன்னும் வெகுதூரம். இடையில் இருக்கும் மாதங்களில் ஏதோ ஒன்று எரிந்துதானே ஆகவேண்டும்?

கிளையை எடுப்பது சட்டப்படி குற்றமா?

மும்பையில் மரங்களுக்கான முக்கியச் சட்டம், 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரங்கள் பாதுகாப்புச் சட்டம். இதன்படி மர அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் யாரும் மரத்தை வெட்டக் கூடாது. தனியார் நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் இது பொருந்தும்.

'வெட்டுதல்' என்ற சொல்லுக்கு இந்தச் சட்டம் கொடுக்கும் பொருள் விரிவானது. எரிப்பது, வெட்டுவது, வேறு எந்த வகையிலாவது மரத்தைச் சேதப்படுத்துவது எல்லாமே அதில் அடங்கும். அடிமரத்தில் தீ வைப்பது, பட்டையைச் சுற்றி உரித்து மரத்தைக் காயவிடுவது, உயிருள்ள கிளையைக் கொக்கி போட்டு இழுத்து ஒடிப்பது மூன்றும் இதில் மாட்டும். 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, 50 வயதைக் கடந்த மரங்கள் 'பாரம்பரிய மரங்கள்' என்று வரையறுக்கப்பட்டன. அபராத உச்சவரம்பு ஒரு மரத்துக்கு ரூ.1 லட்சம் வரை உயர்ந்தது.

தானாக உதிர்ந்து கிடக்கும் சுள்ளி? சட்டத்தின் குறி மரத்துக்கு நேரும் சேதம். கீழே விழுந்த குச்சியைப் பொறுக்குவதால் மரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் சாலையோர மரம் மாநகராட்சியின் பராமரிப்பில் இருப்பது, சொசைட்டி வளாகத்துக்குள் விழுந்த கிளை அந்த சொசைட்டிக்கு உரியது. அதனால் பெரிய கட்டைகளை எடுக்கும் முன் கேட்டுவிடுவதுதான் முறை. வளாகத்தின் வாட்ச்மேன், சொசைட்டி செயலாளர், வார்டு அலுவலகத்தின் தோட்டத் துறை என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கேள்விக்கே இடமில்லை: அலையாத்திக் காடு. தாராவிக்கு அருகில் மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும் அலையாத்தி மரங்கள் நிறைந்த பகுதி. பாம்பே சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2005-ல் பாம்பே உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் அலையாத்தி மரங்களை வெட்டத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு, அலையாத்திகளை அழிப்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையையே மீறுவது என்றது. வெள்ளம் நகருக்குள் புகாமல் தாங்கும் மரங்கள் அவை. அவை போனால் முதலில் தண்ணீர் ஏறுவது தாழ்வான குடிசைப் பகுதிகளில்தான்.

நகரத்தில் இவ்வளவு விறகு எங்கிருந்து வருகிறது?

மும்பை மாநகராட்சியின் 2018 மரக் கணக்கெடுப்பில் நகரில் சுமார் 29.75 லட்சம் மரங்கள் எண்ணப்பட்டன. இதில் பாதிக்கு மேல் தனியார் வளாகங்களில் நிற்பவை. சாலையோரத்தில் நிற்பவை சுமார் 1.85 லட்சம் மட்டுமே.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் மாநகராட்சி ஒப்பந்ததாரர்களைக் கொண்டு ஆபத்தான கிளைகளைக் கழிக்கிறது. சொசைட்டிகளுக்கும் நோட்டீஸ் போகும். இது சடங்குக்காகச் செய்யும் வேலை அல்ல. 2017 ஜூலையில் செம்பூரில் நடந்துபோய்க்கொண்டிருந்த, முன்னாள் தொலைக்காட்சித் தொகுப்பாளரான பெண்மணி ஒருவர் தென்னை மரம் விழுந்து இறந்தார். 2021 மே மாதம் டவ்-தே புயல் கரையோரமாகக் கடந்தபோது கொலாபாவில் காற்றின் வேகம் மணிக்கு 114 கிலோமீட்டர். அப்போது நகரில் 2,300-க்கும் மேற்பட்ட மரங்களும் கிளைகளும் விழுந்ததாக மாநகராட்சி தெரிவித்தது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் சென்னைத் தெருக்கள் இருந்த கோலம் நினைவிருப்பவர்களுக்கு இது புரியும்.

ஆக, மரத்தில் கை வைக்காமலேயே நகரம் வருடாவருடம் நிறைய விறகைத் தருகிறது. ஆனால் கழித்த கிளைகள் லாரியில் ஏறிப் போய்விடுகின்றன, விடிகாலையில் வருகிறவர் கைக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

புகைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

விறகுக் கணக்கில் மிகப் பெரிய செலவு இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய்கள், குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஆகியவை இதில் அடக்கம்.

பிஎம் 2.5 என்னும் நுண்துகள் 24 மணி நேர சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தியாவின் வரம்பு 60. விறகு எரியும் ஒரு சின்ன அடுப்பங்கரையில் அது பல நூறைத் தொடும்.

தாராவி சந்தில் இது இன்னும் மோசமாகும். கிராமத்தில் கொல்லைப்புறம் இருக்கும், புகை மேலே போகும். பத்தடிக்குப் பத்தடி வீட்டில், எதிர்வீட்டுச் சுவர் கை எட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு வீட்டு அடுப்பின் புகை நாலு வீட்டுக் குழந்தைகளின் மூச்சில் கலக்கிறது. மழைக்காலத்தில் அடுப்பை வாசலில் வைக்க முடியாமல் உள்ளே எடுத்துக்கொண்டால், பச்சை விறகும் மூடிய கதவும் சேர்ந்துகொள்ளும்.

செம்பூருக்கு வேறு ஒரு முரண் உண்டு. அதன் ஓரத்தில் மாஹுல் பகுதியில் இரண்டு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பவற்றில் எல்பிஜியும் ஒன்று. ஆலைக் காற்றையும் சுவாசித்துக்கொண்டு, விறகுப் புகையையும் சுவாசிக்கும் வீடு அதே பகுதியில் இருந்தால், பிரச்சினை எரிவாயு இல்லாதது அல்ல, அது வீடு வரை போய்ச் சேராததுதான்.

பேக்கரிகளுக்கு வந்த உத்தரவு என்ன?

மும்பையின் விறகுப் புகை பற்றி நீதிமன்றம் நேரடியாகப் பேசியது வீடுகளைப் பற்றி அல்ல, பேக்கரிகளைப் பற்றி. காற்று மாசு தொடர்பாகத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2025 ஜனவரி 9 அன்று பாம்பே உயர் நீதிமன்றம், விறகும் நிலக்கரியும் பயன்படுத்தும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது.

பாம்பே சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குழு சுமார் 200 பேக்கரிகளில் நடத்திய ஆய்வில் 47 சதவீதம் விறகில் இயங்குவது தெரிந்தது. ஒரு பேக்கரிக்கு நாளைக்கு சராசரியாக 130 கிலோ மரம். பெரிய பேக்கரிகளில் 250 முதல் 300 கிலோ. பாவும் ப்ரூனும் வெந்து வருவது இதில்தான்.

அவர்கள் எரிப்பது எல்லாம் மரக்கட்டை அல்ல. உடைத்த மேஜை, கதவு, பெட்டி போன்ற பழைய மரச்சாமான் துண்டுகள் கிலோ 4, 5 ரூபாய்க்கே கிடைத்துவிடும். விலை பாதி. ஆனால் அதில் இருக்கும் பெயின்ட், வார்னிஷ், ப்ளைவுட் பசை எல்லாம் சேர்ந்து எரியும்போது வரும் புகை சாதாரண விறகுப் புகையை விட ஆபத்தானது. தாராவி கும்பர்வாடாவில் சௌராஷ்டிராவிலிருந்து வந்த குயவர் குடும்பங்களின் சூளைகளிலும் துணிக் கழிவு, மரத்தூள், மரத்துண்டு என்று மலிவாகக் கிடைப்பதே எரிகிறது. பக்கத்து சந்துகளின் நீண்ட காலப் புகார் அந்தப் புகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேக்கரிக்கு நீதிமன்றம் கெடு வைத்து மாறச் சொல்ல முடியும். வாசலில் மூன்று கல் வைத்திருக்கும் வீட்டுக்குக் கெடு வைத்து என்ன பயன்? அங்கே தேவைப்படுவது உத்தரவு இல்லை, சிலிண்டர்.

எந்த விறகு நல்லது, எதை எரிக்கவே கூடாது?

எப்போதாவது வெட்டவெளியில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கும், வேறு வழியில்லாமல் தினமும் மூட்டுகிறவர்களுக்கும் பொதுவான சில விஷயங்கள்:

• புளி, சவுக்கு, நாவல், மா, சூபாபுல் ஆகியவை நின்று எரியும், தணலும் நிற்கும்.

• மாட்டுங்காவில் அதிகம் விழும் தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை மரங்கள் லேசானவை. சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். ஆலும் அரசும் புகை அதிகம், சூடு குறைவு.

• தென்னை மட்டை, பாளை, சிரட்டை ஆகியவை பற்றவைக்க அருமை. நின்று எரிய வேறு கட்டை வேண்டும்.

• பச்சை விறகைப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது ஆறு மாதம் காயவிட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, 'டங்' என்று கணீரென்று கேட்டால் காய்ந்துவிட்டது. முனையில் வெடிப்பு விழுந்திருப்பதும் நல்ல அடையாளம்.

• அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. சாலை நடுவில் அழகுக்கு வளர்த்திருப்பதைக் கழித்துப் போட்டிருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

• தில்லை மரம். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே மரம், மும்பை அலையாத்திக் காடுகளிலும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கலாம். புகையும் கண்ணை எரிக்கும்.

• பெயின்ட் அடித்த மரம், ப்ளைவுட், பிளாஸ்டிக் ஒட்டிய பலகை, தீ பற்றவைக்கப் பால் கவர் எதுவும் வேண்டாம்.

• தணலை ஒருபோதும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பொங்கலுக்கு நாலு கட்டை வேண்டுமே?

தை முதல் நாள் தாராவியின் 90 அடி சாலை வருடாவருடம் செய்திப் படங்களில் வரும். சாலையோரம் வரிசையாகக் கல் அடுப்பு, மண்பானை, கரும்பு, கோலம். குஜராத்திக் குயவர்களின் கும்பர்வாடாவும் தமிழர் பொங்கல் வைக்கும் தெருக்களும் ஒரே தாராவிக்குள் இருக்கின்றன. இதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. வருடத்தில் ஒரு காலை, வெட்டவெளியில் எரியும் அடுப்பும், தினம் இரண்டு வேளை மூடிய வீட்டில் எரியும் அடுப்பும் ஒன்றல்ல.

நீங்கள் செம்பூர் செடா நகர் பக்கமோ மாட்டுங்காவிலோ ஃபிளாட்டில் இருக்கிறீர்கள், பொங்கலுக்கு விறகு வேண்டும் என்றால் எளிய வழி இருக்கிறது. மே மாதத்தில் உங்கள் சொசைட்டி மரக்கிளை கழிக்கும்போது செயலாளரிடம் சொல்லி, கை கனத்துக்கு நாலைந்து கட்டைகளை எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில் காயவிடுங்கள். ஜனவரிக்குள் எட்டு மாதம் ஆகிவிடும், பானை அழகாகப் பொங்கும். கீழே கிடக்கிற குச்சி போதாது என்று மரத்தில் ஏறாதீர்கள். பிய்த்து ஒடித்த இடத்தில் பூஞ்சை புகுந்து, அடுத்த மழைக்கு அந்தக் கிளை யார் தலையிலாவது விழும். விழப்போகும் மரமோ முறிந்த கிளையோ கண்ணில் பட்டால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பொறுக்குகிறவர்களுக்கு என்ன வழி?

மூன்று விஷயங்கள் நடைமுறையில் உதவும்.

முதலாவது, இணைப்பு. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021 ஆகஸ்டில் வந்தது. இதில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிச் சான்றும் ரேஷன் கார்டும் இல்லாமல், சுய உறுதிமொழி கொடுத்தே விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். வாடகைக் குடிசையில் இருக்கும் பலருக்கு இது இன்னும் தெரியாது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கு நமக்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

இரண்டாவது, சின்ன சிலிண்டர். ஐந்து கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் இதற்கு 'சோட்டு' என்று பெயர் வைத்தது. கிலோ கணக்கில் பார்த்தால் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் 850 ரூபாய் மொத்தமாகச் சேராத வாரத்தில் கை கொடுக்கும். மானியம் இந்தச் சின்ன சிலிண்டருக்கும் தாராளமாக வந்தால், விறகோடு போட்டியிடும் எரிபொருள் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, நகரத்தின் விறகுக்கு ஒரு கணக்குப் புத்தகம். வார்டு வாரியாக எத்தனை டன் கிளை கழிக்கப்பட்டது, எங்கே போனது என்று மாநகராட்சி வெளியிட்டால் அதில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கலாம். அப்படி ஒரு தேவை ஏற்கெனவே இருக்கிறது: ஓர் உடலைத் தகனம் செய்ய சுமார் 300 கிலோ விறகு வேண்டும். மாநகராட்சியே அதைத் தருகிறது.

இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியின்போது கேஸ் கிடைக்காமல், கொழும்பில் வருடக்கணக்கில் கேஸில் மட்டுமே சமைத்த குடும்பங்கள் விறகைத் தேடின. அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு விறகு கிடைத்தாலும் எரிக்க இடமில்லை. தூய எரிபொருளுக்கு ஒரு முறை மாறினால் மாறியதுதான் என்று நினைக்க முடியாது, விலையும் வரத்தும் தடுமாறினால் எந்த நகரமும் மறுபடி சுள்ளி பொறுக்கப் போகும் என்பதற்கு அது உதாரணம்.

மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவியும் அடுக்குமாடிகளை நோக்கிப் போகிறது. பத்தாவது மாடியில் மூன்று கல் அடுப்பு வைக்க முடியாது. அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. வருடத்துக்கு எத்தனை முறை அதை மாற்ற அந்த வீட்டுக்கு வசதி இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். அடுத்த மழைக்கு மறுநாள் மாட்டுங்கா நடைபாதையில் விறகுக் கட்டோடு யாராவது எதிரே வந்தால் நினைவில் வையுங்கள்: அந்தக் கட்டுக்கு அவர் பெறும் கூலி மணிக்கு 39 ரூபாய்.